மசால் வடை வைத்தும் எலி சிக்கலையா? தோட்டத்தில் எலிப்பொறியை எங்கே, எப்படி வைக்கணும்? முழு விவரம்!

சாயங்காலம் நல்லா இருந்த தக்காளி, காலையில் பாதி கடிபட்டுக் கிடக்கும். ஊன்றிய நிலக்கடலை முளைக்கவே முளைக்காது. சர்க்கரைவள்ளிக் கொடி மேலே பச்சைப்பசேல்னு இருக்கும், தோண்டிப் பார்த்தால் கிழங்கு இருக்காது. வீட்டுத் தோட்டம், மாடித் தோட்டம் போட்டிருக்கும் பலருக்கும் இது பழகிப்போன தலைவலி.

உடனே கடைக்குப் போய் எலி மருந்து வாங்குவதுதான் பலரும் செய்யும் முதல் வேலை. சிலர் ஒரு பொறியை வாங்கி, வடையை மாட்டி, ஏதோ ஒரு மூலையில் வைத்துவிட்டு, "ஒண்ணும் சிக்கலை"ன்னு ஒரு வாரத்தில் பரணில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு பொறியில் இல்லை. அதை வைக்கும் இடத்திலும் நேரத்திலும்தான் இருக்கிறது. சரியாக வைத்தால் வீட்டுத் தோட்டத்துக்குப் பொறியே போதும். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், அது எலிதானா?

தோட்டத்தில் சேதம் செய்வதெல்லாம் எலி இல்லை. பகலில் பழத்தைக் கொறிப்பது அணிலாக இருக்கலாம். எலி பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வெளியே வரும். அதனால் சேதம் பகலில் நடக்கிறதா, ராத்திரியில் நடக்கிறதா என்று இரண்டு நாள் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இன்னொரு குழப்பம், மூஞ்சூறு. நீண்ட கூரான மூக்கு, சின்னக் கண், மூக்கைத் துளைக்கும் ஒரு நாற்றம். பார்க்க எலி மாதிரி இருந்தாலும் இது கொறிக்கும் இனமே கிடையாது. கரப்பான் பூச்சி, புழு, பூச்சிகள்தான் இதற்கு முக்கிய சாப்பாடு. மூஞ்சூறு பொறியில் சிக்கினால் தோட்டத்திலேயே திறந்து விட்டுவிடலாம்.

எலி இருப்பதற்கான அடையாளங்கள் இவை:

• செடி ஓரத்தில், சுவரோரத்தில் வளை. வாயில் புதிதாகத் தோண்டிய மண் குவிந்திருக்கும்.

• புழுக்கை. புதுசு என்றால் கறுப்பாகப் பளபளப்பாக இருக்கும். பழசு காய்ந்து வெளுத்துப் போயிருக்கும்.

• சுவரோரம் ஒரே தடத்தில் கறுப்பான எண்ணெய்ப் பிசுக்குக் கறை. எலி ஒரே வழியில் உடம்பை உரசிக்கொண்டு போய் வருவதால் வருவது இது.

• பிளாஸ்டிக் குழாய், வயர், தொட்டி விளிம்பில் பல் தடம். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துத் தேய்த்தே ஆக வேண்டும்.

பெரிய வளை, பக்கத்திலேயே கூடை மண் குவிந்திருந்தால் அது பெருச்சாளியாக இருக்கலாம். ஆங்கிலத்தில் இதைப் 'பாண்டிகூட்' என்பார்கள். தெலுங்கின் 'பந்திகொக்கு', அதாவது 'பன்றி எலி' என்ற சொல்லில் இருந்து போன பெயர் அது. சின்ன எலிக்கூண்டு இதற்குத் தாங்காது.

எலி மருந்து ஏன் வேண்டாம்?

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைக்கப்பட்ட வீட்டில் இரவு தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் உயிரிழந்தது மாநிலத்தையே உலுக்கியது. எலிக்கு வைப்பது எலியோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

எலி மருந்துகள் ஒரே ரகம் கிடையாது. ரத்தம் உறையாமல் தடுத்து, சில நாட்களில் உள்ளுக்குள்ளேயே ரத்தக் கசிவை ஏற்படுத்திக் கொல்பவை ஒரு வகை. இதற்கு மருத்துவமனையில் வைட்டமின் கே மாற்று மருந்தாகத் தரப்படுகிறது. ஆனால், வயிற்றுக்குள் போனதும் பாஸ்பீன் வாயுவை வெளியிடும் ஜிங்க் பாஸ்பைடுக்கோ, கல்லீரலைச் சிதைக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்ட்டுக்கோ முறிவு மருந்து என்று தனியாக எதுவும் இல்லை. 3% மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது.

தோட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மருந்து தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடிக்கொண்டு திரியும். அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தை, பூனை, நாய் எல்லாமே பாதிக்கப்படும். எலியைக் கட்டுப்படுத்த இயற்கையே வைத்திருக்கும் காவல்காரர்களை நாமே கொல்வது மாதிரிதான் அது. போதாததற்கு, எலி எங்கோ வளைக்குள் செத்து, பத்து நாள் நாற்றம் வேறு.

பொறியில் இந்த வம்பே இல்லை. சிக்கியதா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். கீரையிலும் காயிலும் விஷம் படாது.

எந்தப் பொறி நல்லது?

கம்பிக் கூண்டு: உள்ளே கொக்கியில் இரை மாட்டி, எலி இழுத்ததும் கதவு மூடிக்கொள்ளும். பழைய மரப்பெட்டி எலிப்பொறியின் அண்ணன் தம்பி. அணிலோ, மூஞ்சூறோ, பக்கத்து வீட்டுப் பூனைக்குட்டியோ சிக்கினால் உயிரோடு விட்டுவிடலாம். குழந்தைகள், நாய், பூனை இருக்கும் வீட்டுக்கு இதுவே பாதுகாப்பானது. ஒரே ராத்திரியில் பல எலிகள் நுழையும் வகையில் புனல் போன்ற வாயில் வைத்த கூண்டுகளும் கடைகளில் கிடைக்கின்றன.

அடிக்கும் பொறி: ஸ்பிரிங் கம்பி பட்டென்று அடித்து எலியை அங்கேயே முடித்துவிடும். விலை குறைவு, இடமும் அடைக்காது. ஆனால் திறந்த வெளியில் அப்படியே வைக்கக் கூடாது. காலையில் வரும் மைனாவும் தவிட்டுக் குருவியும்கூட அடிபடும். பழைய மரப்பெட்டிக்குள்ளோ, அகலமான பிவிசி குழாய்க்குள்ளோ வைத்தால் எலி மட்டும் நுழையும். விரல் ஜாக்கிரதை!

தஞ்சாவூர் கிட்டி: காவிரி டெல்டா விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தும் பொறி. மூங்கில் பட்டையை வில்லாக வளைத்துக் கயிறு கட்டியிருப்பார்கள். நடுவில் இருக்கும் இரையை எலி இழுத்ததும் வில் விடுபட்டுக் கழுத்தை இறுக்கிவிடும். மின்சாரம் வேண்டாம், விஷம் வேண்டாம், உடைந்தால் கையாலேயே சரிசெய்துவிடலாம். கிட்டி வைப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் டெல்டா கிராமங்களில் இருக்கிறார்கள். சாயங்காலம் வரப்பு ஓரங்களில் வைத்து, விடியற்காலையில் எடுப்பார்கள். பிடித்த எலிக்கு இவ்வளவு என்று கூலி. வேளாண் துறையினரும் வயல் எலிக்கு இதைப் பரிந்துரைக்கிறார்கள்.

பசை அட்டை: கடைகளில் 'கம் பேட்' என்று கேட்டால் கொடுக்கும் இதைத் தோட்டத்தில் வைக்கவே வேண்டாம். ஒட்டிக்கொண்ட எலி பசியிலும் தாகத்திலும் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். பல்லி, ஓணான், அணில், சிட்டுக்குருவி எல்லாமே ஒட்டிக்கொள்ளும். இதன் பயன்பாட்டுக்கு எதிராக இந்திய விலங்குகள் நல வாரியம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியிருக்கிறது. விலங்குகளைத் தேவையில்லாமல் வதைப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஏற்கெனவே வைத்த அட்டையில் அணிலோ பறவையோ ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காதீர்கள். சமையல் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினால் பசை இளகிவிடும்.

பொறி வைத்தும் ஏன் சிக்குவதில்லை?

எலிக்குப் புதுப் பொருள் என்றாலே பயம். நேற்று வரை இல்லாத ஒரு கூண்டு இன்று வழியில் இருந்தால், சில நாட்களுக்கு அந்தப் பக்கமே திரும்பாமல் சுற்றிப் போகும். நீங்கள் பொறுமை இழந்து எடுத்துவைக்கும் அன்றுதான், அது கிட்ட வரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்!

இன்னொன்று, எலியால் வாந்தி எடுக்க முடியாது. தவறான ஒன்றைத் தின்றால் வெளியேற்ற வழியில்லை என்பதால், புதுச் சாப்பாட்டைத் துளியூண்டு ருசி பார்த்துவிட்டுக் காத்திருக்கும். அதே மாதிரி, ஒருமுறை பொறியில் அடிபட்டுத் தப்பித்த எலி மறுபடியும் அந்தப் பக்கம் எளிதில் வராது.

அதனால்தான் வாங்கிய அன்றே பொறியை விறைத்து வைப்பது வேலைக்கு ஆவதில்லை. முதலில் பழக்க வேண்டும், பிறகுதான் பிடிக்க வேண்டும்.

எங்கே வைக்கணும்?

எலி திறந்த வெளியில் நடுவே ஓடாது. மீசையும் உடம்பும் ஒரு பக்கம் உரசுகிற மாதிரி சுவர், வேலி, தொட்டி வரிசை ஓரமாகத்தான் போகும். எனவே தோட்டத்தின் நடுவில் பொறி வைப்பது வீண்.

• சுவரை ஒட்டி வையுங்கள். அடிக்கும் பொறி என்றால், இரை இருக்கும் முனை சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். கூண்டு என்றால், அதன் வாய் எலி வரும் தடத்தைப் பார்த்து இருக்க வேண்டும்.

• வளை வாயிலுக்குள் திணிக்க வேண்டாம். வளையில் இருந்து சாப்பாட்டுக்குப் போகும் வழியில் வையுங்கள்.

• ஒரே பொறி போதாது. 6 முதல் 10 அடிக்கு ஒன்று என்று நான்கைந்தாவது வையுங்கள். ஒரு பொறியைப் பத்து நாள் வைப்பதைவிட, ஐந்து பொறியை இரண்டு ராத்திரி வைப்பது பலன் தரும்.

• மாடித் தோட்டம் என்றால், எலி ஏறி வரும் மழைநீர்க் குழாய், கேபிள் வயர், சாய்ந்திருக்கும் மரக்கிளை ஆகியவை மொட்டை மாடியைத் தொடும் இடங்களே முக்கியம். வீட்டு எலி நன்றாக மரம் ஏறும், வயரிலும் நடக்கும்.

இரை என்ன? மசால் வடையா, கருவாடா?

மசால் வடைக்கு இருக்கும் பெயர் சும்மா வந்ததில்லை. எண்ணெய், வெங்காயம், சோம்பு வாசனை இருட்டிலும் தூரத்தில் இருந்தே எலியை இழுக்கும். சுட்ட தேங்காய்ச் சில்லு, கருவாடு, வறுத்த வேர்க்கடலை ஆகியவையும் நன்றாக வேலை செய்யும்.

ஆனால் ஒரு விஷயம். தோட்டத்தில் பழுத்த தக்காளியும் கிழங்கும் கொட்டிக் கிடக்கும்போது, எலி உங்கள் வடைக்காக ஏன் பொறிக்குள் நுழையணும்? கீழே விழுந்த காய், பழம், நாய்க்கு வைத்த மிச்சச் சோறு, புறாவுக்கு இறைத்த தானியம் எல்லாவற்றையும் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுங்கள். வேறு சாப்பாடு குறையும்போதுதான் இரைக்கு மதிப்பு.

இரையைக் கொஞ்சமாக, ஆனால் இறுக்கமாக மாட்டுங்கள். தளர்வாக வைத்தால் பொறியை அசைக்காமலே உருவிக்கொண்டு போய்விடும். அடிக்கும் பொறியில் நூலால் கட்டிவிடுவது நல்லது.

நாள் வாரியாகச் செய்ய வேண்டியது

முதல் நாள்: எல்லா வளைகளையும் சாயங்காலம் மண்ணால் மூடிவிடுங்கள். மறுநாள் காலையில் எது மறுபடியும் திறந்திருக்கிறதோ, அதில்தான் எலி இருக்கிறது. பத்து வளை இருந்தாலும் மூன்றில் மட்டும் எலி இருக்கலாம். வயல்களில் வேளாண் அலுவலர்கள் சொல்லித்தரும் அதே முறைதான் இது.

2 முதல் 4ஆம் நாள் வரை: எலி இருக்கும் வளைகளின் தடத்தில் பொறிகளை வையுங்கள். இரை வையுங்கள், ஆனால் பொறியை விறைக்காதீர்கள். கூண்டுக் கதவு மூடாதபடி கட்டிவிடுங்கள். எலி பயமில்லாமல் வந்து தின்று பழகட்டும்.

5ஆம் நாள்: இரை தீர்ந்துபோகும் பொறிகள் எவை என்று இப்போது தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே சாயங்காலத்தில் விறைத்து வையுங்கள்.

தினமும்: இருட்டும்போது பொறியைத் தயார் செய்யுங்கள், விடிந்ததும் போய்ப் பாருங்கள். பகலில் பொறியை மூடிவிட்டால் அணிலும் பறவைகளும் தப்பிக்கும். கூண்டில் சிக்கிய எலியும் வெயிலில் வதங்காது.

அடுத்த ஒரு வாரம்: ஒன்று சிக்கியதும் நிறுத்திவிடாதீர்கள். எலியின் கர்ப்ப காலம் சுமார் 3 வாரம்தான். ஒரு ஈட்டில் ஆறு முதல் பத்து குட்டிகள் சாதாரணம். அந்தக் குட்டிகளும் இரண்டு மூன்று மாதத்தில் குட்டி போடத் தயாராகிவிடும். வாரத்துக்கு ஒன்று பிடித்தால் அது பிறக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

சிக்கிய எலியை என்ன செய்வது?

இதுதான் பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி. கூண்டோடு தண்ணீரில் முக்குவது, வெந்நீர் ஊற்றுவது போன்றவை கொடுமை. செய்யாதீர்கள். தெருமுனையில் திறந்து விட்டால், அது பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துக்குப் போகும், அல்லது உங்களிடமே திரும்பி வரும். தூரத்தில் கொண்டுபோய் விட்டாலும், பழகாத இடத்தில் வளையோ சாப்பாடோ தெரியாமல் பெரும்பாலும் பிழைக்காது.

அதனால்தான் எலியைக் கொல்லத்தான் வேண்டும் என்று முடிவு செய்பவர்களுக்கு, நல்ல விசையுள்ள அடிக்கும் பொறி குறைந்த வலியோடு முடிக்கும் வழி. கொல்ல மனமில்லை என்பவர்கள், பிடிப்பதைவிட எலி வராமல் தடுக்கும் வேலைகளில் கூடுதல் கவனம் வைப்பது நல்லது.

செத்த எலியைத் தெருவில் தூக்கிப் போட்டு, 'காக்கா பார்த்துக்கும்'னு விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. இதை விட்டுவிடுங்கள். கிணறு, தண்ணீர்த் தொட்டியில் இருந்து தள்ளி, நாய் தோண்ட முடியாத ஆழத்தில், குறைந்தது 2 அடி குழியில் புதைத்து மண்ணை மிதித்துவிடுங்கள். மாடி வீட்டில் புதைக்க இடமில்லை என்றால், இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லியே கொடுங்கள். சொல்லாமல் குப்பையோடு கலந்து கொடுத்தால், வெறும் கையால் பிரிப்பவர் அவர்தான்.

கையுறை கட்டாயம்... காரணம் எலிக்காய்ச்சல்!

லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலிக்காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், ஈரமண் வழியாகப் பரவும். காலில் இருக்கும் சின்ன வெடிப்பு, கையில் இருக்கும் கீறல் போதும், கிருமி உள்ளே போய்விடும். தோட்ட வேலை செய்பவர்களும் வயலில் இறங்குபவர்களும் இதில் முதலில் மாட்டுகிறார்கள். மழைக்காலத்தில் ஆபத்து அதிகம்.

பொறியைத் தொடும்போது ரப்பர் கையுறை, தோட்டத்தில் இறங்கும்போது மூடிய செருப்பு அல்லது பூட்ஸ் போடுங்கள். பயன்படுத்திய பொறியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கீழே விழுந்த பழத்தில் பல் தடம் இருந்தால், 'அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிட்டுச் சாப்பிடலாம்'னு நினைக்க வேண்டாம்.

எலி நடமாட்டம் இருந்த இடத்தில் வேலை செய்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கடுமையான தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் டாக்டரிடம் போங்கள். "தோட்டத்தில் எலி இருந்தது" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆன்டிபயாடிக் மருந்திலேயே குணமாகும். விட்டுவிட்டால் சிறுநீரகம், கல்லீரல் வரை போகும். எலி கடித்துவிட்டாலும் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

பொறி மட்டும் போதுமா?

போதாது. இடமும் சாப்பாடும் இருக்கும் வரை, ஒரு எலி போனால் இன்னொன்று வந்து அந்த வளையில் குடியேறும்.

• விறகு, ஓடு, பழைய தொட்டி, தென்னை மட்டை குவியலை அப்புறப்படுத்துங்கள். அதுதான் எலியின் வீடு.

• காலி வளைகளை உடைந்த ஓடு, கண்ணாடித் தூள் கலந்த மண், சிமென்ட் கொண்டு அடையுங்கள். சுண்டெலி நுழைய ஒரு பேனா நுழையும் ஓட்டையே போதும்.

• மக்கும் குப்பைத் தொட்டியில் சமைத்த சோறு, மீன், இறைச்சி போடாதீர்கள். அடியில் நெருக்கமான கம்பி வலை வையுங்கள்.

• தென்னை மரத்தில் இளங்காய் ஓட்டை விழுந்து உதிர்ந்தால், அடிமரத்தில் 6 அடி உயரத்துக்கு மேல் வழுவழுப்பான தகரப் பட்டையைச் சுற்றி அடியுங்கள். எலியின் நகம் அதில் பிடிக்காது. ஆனால் பக்கத்து மரத்தின் மட்டை உரசினால் தகரம் அடித்தும் பயனில்லை.

• தோட்டம் பெரிதாக இருந்தால், 'டி' வடிவக் குச்சிகளை ஆங்காங்கே நட்டு வையுங்கள். டெல்டா வயல்களில் ஆந்தை வந்து உட்கார்ந்து எலி பிடிக்க இப்படித்தான் செய்கிறார்கள். சாரைப்பாம்பும் எலியைத் தின்று வாழும் விஷமில்லாத பாம்பு. பார்த்ததும் அடிக்காதீர்கள்.

வயல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு முக்கிய விஷயம். ஒருவர் மட்டும் கிட்டி வைத்தால், வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் எலி நாலே நாளில் இந்தப் பக்கம் வந்துவிடும். ஒரே வாய்க்காலில் பாயும் வயல்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, பயிர் சின்னதாக இருக்கும்போதே ஒரே வாரத்தில் செய்வதுதான் பலன் தரும். வரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு வளை. அதனால் வரப்பைக் குறுக்கிக் கட்டுவதும் உதவும்.

இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்

எலிக்காக என்று கம்பியில் கரண்ட் கொடுப்பது. எலிக்கும் காட்டுப்பன்றிக்கும் வைத்த மின்கம்பியை மிதித்து விவசாயிகளும், கூலி வேலைக்கு வந்தவர்களும் உயிரிழக்கும் செய்திகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. பல சம்பவங்களில் இறந்தது, கம்பியை வைத்தவரின் சொந்த வீட்டு ஆட்களே. இது சட்டவிரோதம். யாராவது இறந்தால் வைத்தவர் மீது வழக்கும் கைதும் நிச்சயம். வீட்டுத் தோட்டமோ வயலோ, எந்த நிலையிலும் இது வேண்டாம்.

எலி குறைந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

முதல் நாள் செய்ததையே மறுபடியும் செய்யுங்கள். எல்லா வளைகளையும் சாயங்காலம் மண்ணால் மூடுங்கள். தொடர்ந்து மூன்று நாள் காலையில் ஒன்றுகூடத் திறக்கவில்லை, புதுப் புழுக்கையும் இல்லை என்றால் இப்போதைக்குப் பிரச்சினை தீர்ந்தது. அதற்காகப் பொறியைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். மாதம் ஒருமுறை இரண்டு ராத்திரி வைத்துப் பாருங்கள். குறிப்பாக, பக்கத்தில் அறுவடை முடிந்ததும், மழை பெய்து சாக்கடையிலும் வயலிலும் தண்ணீர் ஏறியதும், எலிகள் மேட்டு இடம் தேடி வீட்டுப் பக்கம் வரும். அந்த நேரத்தில் சுவரோரம் ஒரு கண் இருக்கட்டும்.